அம்மாவின் எலும்பை ஒரு மாத்திரையிடம் ஒப்படைக்காதீர்கள்

வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் மகன்களுக்கும் மகள்களுக்கும் மருமக்களுக்கும் ஒரு திறந்த மடல்



மாதம் பிறந்தால் மருந்துக் கடைக்குப் போகும் சீட்டில் பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரையோடு இப்போது இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: 60,000 யூனிட் வைட்டமின் டி. வாரம் ஒரு முறை விழுங்கும் மாத்திரையாகவோ, பாலில் கலக்கிக் குடிக்கும் பொடியாகவோ அது பல வீடுகளில் இருக்கிறது. பெற்றோர் ஊரிலும் பிள்ளைகள் பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் குடும்பங்களில், அந்த மாத்திரை தீராமல் பார்த்துக்கொள்வதே அக்கறைக்கு அடையாளமாகிவிட்டது. உங்கள் அக்கறையில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கையைப் பற்றித்தான் எழுதுகிறேன். ‘வைட்டமின் டி கொடுக்கிறோம், இனி எலும்பு முறியாது’ என்ற அந்த நம்பிக்கையில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியையும் உண்மையென்று எடுத்துக்கொண்டால், முறிவை மெய்யாகவே தடுக்கக்கூடிய வேலைகளைச் செய்யாமல் விட்டுவிடுவோம். இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவராவது ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார். பிழைத்தவர்களில் பலர் பழையபடி நடப்பதில்லை. அதனால் இந்தப் பாதி உண்மையை முழுதாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

உண்மையான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். வைட்டமின் டி இல்லாமல் எலும்பு உறுதிப்படாது. நாம் சாப்பிடும் சுண்ணாம்புச் சத்தைக் குடல் உறிஞ்சிக்கொள்ள அது வேண்டும். நம் தோலில் இருக்கும் ஒரு கொழுப்புப் பொருளின் மீது வெயிலின் புற ஊதா பி கதிர் படும்போது அது உருவாகிறது. பிறகு கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் இரண்டு மாற்றங்கள் அடைந்து வேலைக்குத் தயாராகிறது. இது முற்றிலும் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை நூறாண்டுக்கு முந்தைய ஐரோப்பா பார்த்தது. புகை மண்டிய ஆலை நகரங்களில் வளர்ந்த குழந்தைகளின் கால்கள் வில்லாக வளைந்தன. 1919இல் பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர், அத்தகைய குழந்தைகளுக்குப் புற ஊதா விளக்கின் ஒளியைக் காட்டியே குணப்படுத்தினார். அதே காலத்தில் இங்கிலாந்தில் எட்வர்ட் மெல்லன்பி, மீன் ஈரல் எண்ணெய் இந்த நோயைத் தடுப்பதை நாய்களிடம் சோதித்துக் காட்டினார். பெரியவர்களுக்கு இந்தக் குறை வந்தால் எலும்பு மென்மையாகிவிடும். தொடையும் இடுப்பும் வலிக்கும், தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது, நடை தள்ளாடும். இவர்களுக்கு வைட்டமின் டி கண்கண்ட மருந்து. அதை யாரும் மறுக்கவில்லை.

ஆனால் இந்தச் சத்தின் குணம் சமையலில் உப்பின் குணத்தைப் போன்றது. உப்பே இல்லாத குழம்பில் ஒரு சிட்டிகை போட்டால் ருசி வந்துவிடும். சரியாக உப்பிட்ட குழம்பில் மேலும் ஒரு கரண்டி போட்டால் ருசி கூடுவதில்லை. வைட்டமின் டி குறைவாக இருப்பவருக்கு அதைக் கொடுத்தால் எலும்பு தேறும். போதுமான அளவு இருப்பவருக்கு மேலும் கொடுத்தால் எலும்பு இரும்பாகாது. இது வெறும் உவமை இல்லை. முப்பதாண்டுகளாகப் பல்லாயிரம் பேரிடம் நடந்த சோதனைகளைச் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் முடிவு இதுதான்.

1992இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்றுதான் இந்த மாத்திரைக்கு உலகப் புகழைத் தேடித் தந்தது. முதியோர் இல்லங்களில் வாழ்ந்த 3,270 பெண்கள் அதில் பங்கேற்றார்கள். சராசரி வயது 84. ஒரு பகுதியினருக்குத் தினமும் 800 யூனிட் வைட்டமின் டியும் 1,200 மில்லிகிராம் கால்சியமும் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குக் கொடுத்தது மருந்தில்லாத மாத்திரை. பதினெட்டு மாதத்தில், மருந்தைத் தவறாமல் உட்கொண்டவர்களிடம் இடுப்பெலும்பு முறிவு 43 சதவீதம் குறைந்திருந்தது. அற்புதமான முடிவுதான். ஆனால் அந்தப் பெண்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். வெளியே அதிகம் போகாதவர்கள். உணவில் நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் அளவுக்கே கால்சியம் கிடைத்தவர்கள். இரத்தத்தில் வைட்டமின் டி குறைந்திருந்தவர்கள். அது உப்பில்லாத குழம்பு.

அதற்குப் பின் வந்த ஆய்வுகள் தங்கள் வீட்டில் வாழும், நடமாடும் மனிதர்களிடம் நடந்தவை. 2005இல் பிரிட்டனில், 70 வயதைக் கடந்து ஏற்கெனவே ஒருமுறை எலும்பு முறிந்த 5,292 பேரிடம் வைட்டமின் டியும் கால்சியமும் தனித்தனியாகவும் சேர்த்தும் கொடுத்துப் பார்த்தார்கள். அடுத்த முறிவு குறையவில்லை. 2006இல் அமெரிக்காவில் 36,282 பெண்களிடம் ஏறத்தாழ ஏழாண்டு நடந்த ஆய்விலும் இடுப்பெலும்பு முறிவு உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. சிறுநீரகக் கல் மட்டும் 17 சதவீதம் கூடியது. 2022இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு இன்னும் தெளிவானது. 50 வயது கடந்த ஆண்களும் 55 வயது கடந்த பெண்களுமாக 25,871 பேர். தினமும் 2,000 யூனிட் வைட்டமின் டி. ஐந்தாண்டுக்கு மேல் கண்காணிப்பு. மொத்த முறிவுகளிலோ இடுப்பெலும்பு முறிவிலோ வேறுபாடு எதுவும் தெரியவில்லை. பிரெஞ்சு ஆய்வும் இவையும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. குறை இருந்த இடத்தில் பலன் இருந்தது, குறை இல்லாத இடத்தில் பலன் இல்லை.

‘பலன் இல்லாவிட்டால் போகட்டும், வைட்டமின்தானே, கெடுதல் என்ன?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தினமும் எடுக்கும் சிறிய அளவில் பெரும்பாலோருக்குக் கெடுதல் இல்லை. மொத்தமாகக் கொடுக்கும் பெரிய அளவுகளின் கதை வேறு. ஆஸ்திரேலியாவில் 70 வயதைக் கடந்த 2,256 பெண்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட் என்று கொடுத்துப் பார்த்த ஆய்வு 2010இல் வந்தது. மருந்து பெற்றவர்கள் மற்றவர்களைவிட 15 சதவீதம் அதிகமாக விழுந்தார்கள், எலும்பு முறிவு 26 சதவீதம் கூடியது. எதைத் தடுக்கக் கொடுத்தார்களோ அதுவே அதிகமானது. 2016இல் சூரிச் நகரில், முன்பே விழுந்த அனுபவமுள்ள 200 முதியவர்களிடம் மாதாந்தர அளவுகளை ஒப்பிட்டார்கள். மாதம் 24,000 யூனிட் பெற்றவர்களில் 48 சதவீதம் பேர் அந்த ஆண்டில் விழுந்தார்கள். 60,000 யூனிட் பெற்றவர்களில் அது 67 சதவீதம். நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் 21,000க்கும் மேற்பட்டவர்களுக்கு மாதம் 60,000 யூனிட் ஐந்தாண்டு வரை கொடுத்த பெரிய ஆய்வில் மொத்த முறிவு கூடவும் இல்லை, தெளிவாகக் குறையவும் இல்லை. ஆக, பெரிய அளவு எல்லோரையும் வீழ்த்தும் என்று நான் சொல்லவில்லை. அது சிறிய அளவைவிடச் சிறந்தது என்பதற்குச் சான்று இல்லை, ஏற்கெனவே தள்ளாடுபவர்களுக்கு ஆபத்தாகலாம் என்பதற்குச் சான்று உண்டு. மேலும், இது கொழுப்பில் தங்கும் சத்து. மருத்துவர் எட்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் வாங்கிக்கொண்டே போனால், சிலருக்கு இரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், மனக்குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு வரை போய்விடும்.

‘அந்த ஆய்வுகள் வெள்ளைக்காரர்களிடம் நடந்தவை. இங்கே டெஸ்ட் எடுத்தவர்கள் எல்லோருக்கும் குறை என்றுதானே ரிப்போர்ட் வருகிறது?’ என்பது இதைவிட வலுவான மறுப்பு. இதில் உண்மை இருக்கிறது. அந்த ஆய்வுகளில் பலவற்றில் பங்கேற்றவர்களிடம் பெரிய குறை இல்லை. நம் நாட்டில் உண்மையான குறை பரவலாக உண்டு. ஆனால் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் வரும் ‘குறைவு’ என்ற சொல், எந்த எண்ணை எல்லையாக வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவின் ‘இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்’ அமைப்பின் 2011ஆம் ஆண்டு அறிக்கை, ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் இருந்தால் கிட்டத்தட்ட எல்லோருடைய எலும்புக்கும் போதும் என்றது. அதே ஆண்டில் அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 30 வேண்டும் என்றது. பல ஆய்வகங்கள் அந்த 30ஐயே எல்லையாக அச்சிட்டன. 2024இல் அதே சங்கம் அந்த எல்லையைக் கைவிட்டது. நலமாக இருப்பவர்களுக்கு வழக்கமாக இந்த இரத்தப் பரிசோதனை எடுப்பதையே அது இப்போது பரிந்துரைப்பதில்லை. ஆகவே உங்கள் அப்பாவின் ரிப்போர்ட்டில் 24 என்று வந்திருந்தால் பதற வேண்டாம். 8 என்று வந்திருந்தால், அதிலும் தொடை வலியும் தளர்ந்த நடையும் இருந்தால், அது நோய். அதற்கு மருத்துவர் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் பெரிய அளவு தருவார். பிறகு சிறிய அளவுக்கு இறங்கிவிட வேண்டும். படுக்கையில் இருப்பவர்கள், வீட்டைவிட்டு வெளியே வராதவர்கள், உடல் முழுதும் மூடி உடுத்துபவர்கள், வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள், சிறுநீரக நோயாளிகள் ஆகியோருக்கு இந்தக் கவனம் கூடுதலாக வேண்டும். 75 வயதைக் கடந்தவர்களுக்கு டெஸ்ட் எடுக்காமலே அன்றாட அளவில் கொடுக்கலாம் என்றும் அந்தச் சங்கம் சொல்கிறது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு எப்போதாவது கொடுக்கும் பெரிய அளவைவிட அன்றாடச் சிறிய அளவே மேல் என்பது அதன் கருத்து. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) வயது வந்தவர்களுக்குப் பொதுவாக நாளொன்றுக்கு வைத்திருக்கும் அளவும் 600 யூனிட்தான்.

‘வெயிலுக்குப் பஞ்சமில்லாத நாட்டில் மாத்திரையே எதற்கு? காலை இளவெயிலில் நின்றால் போதாதா?’ என்ற கேள்வியும் எழும். இளவெயில் உடம்புக்கு இதமானது. அந்த நேரத்து நடை மனதுக்கும் காலுக்கும் நல்லது, அதை நிறுத்த வேண்டாம். ஆனால் வைட்டமின் டிக்கு அது பெரிதாக உதவாது. சூரியன் தாழ்ந்திருக்கும்போது அதன் கதிர் காற்று மண்டலத்தில் நெடுந்தொலைவு கடந்து வருகிறது, புற ஊதா பி கதிரில் பெரும்பகுதி வழியிலேயே வடிகட்டப்பட்டுவிடுகிறது. திருப்பதியில் நடந்த ஆய்வில், தோலில் இருக்கும் வைட்டமின் டியின் மூலப்பொருளைக் குப்பிகளில் அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்தார்கள். காலை 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரைதான் மாற்றம் அதிகம் நடந்தது. கிட்டத்தட்ட அதே அட்சரேகையில் இருக்கும் சென்னைக்கும் இது பொருந்தும். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்து வெயில்தான் பலன் தரும் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி ஜன்னலுக்குள் விழும் வெயில் இந்தக் கதிரைக் கொண்டுவராது. கறுத்த தோலுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். எழுபது வயதுத் தோல், இளம் வயதுத் தோல் உருவாக்குவதில் பாதியைக்கூட உருவாக்காது. மார்கழி, தை மாதங்களில் பதினொரு மணி வாக்கில் கையும் காலும் வெயில் படக் கொஞ்ச நேரம் உட்காரலாம். கத்திரி வெயிலில் எண்பது வயதுக்காரரை மொட்டை மாடியில் உட்காரவைப்பது வெப்பத் தாக்குக்கு அழைப்பு விடுப்பதாகும். வெளியே போக முடியாத முதியவருக்கு உச்சி வெயிலைவிட அன்றாடச் சிறிய மாத்திரையே பாதுகாப்பானது. எனவே மாத்திரையை நிறுத்தச் சொல்ல நான் எழுதவில்லை. அதன் அளவையும், அதன்மீது வைக்கும் நம்பிக்கையின் அளவையும் திருத்தச் சொல்கிறேன்.

இனி, மாத்திரை தொடாத பக்கத்துக்கு வருவோம். முதியவரின் இடுப்பெலும்பு தானாக முறிவது அரிது. பத்து முறிவுகளில் ஒன்பதுக்கு மேல் கீழே விழுவதால் நேர்கின்றன. எலும்பின் வலு ஒரு பாதி என்றால் விழுவது மறு பாதி. அப்படி விழுவது பெரும்பாலும் வீட்டுக்குள் நடக்கிறது: ஈரமான குளியலறை, இரவில் கழிப்பறைக்குப் போகும் இருட்டு, தடுக்கும் நிலைப்படி, வழுக்கும் கால்மிதி, தேய்ந்த ரப்பர் செருப்பு. தூக்க மாத்திரை தரும் மயக்கமும், பிரஷர் மாத்திரையால் எழுந்தவுடன் வரும் தலைசுற்றலும், தள்ளிப்போட்ட கண்புரை அறுவையும் இவற்றோடு சேர்ந்துகொள்கின்றன. பிரிட்டனில் 70 வயது கடந்த பெண்களிடம் நடந்த ஆய்வில், முதல் கண்ணின் புரையைக் காத்திருக்க வைக்காமல் விரைவில் அகற்றியதே விழுவதை 34 சதவீதம் குறைத்தது. பல ஆண்டுகளாக விழுங்கிய மாத்திரை செய்யாததை ஒரு கண் அறுவை செய்திருக்கிறது. கழிப்பறைச் சுவரில் ஒரு கைப்பிடி, படுக்கையிலிருந்து அங்கு வரைக்கும் ஓர் இரவு விளக்கு, வருடத்துக்கு ஒருமுறை மொத்த மருந்துச் சீட்டையும் மருத்துவரிடம் கொடுத்து ‘இதில் எதை நிறுத்தலாம்?’ என்ற கேள்வி. இவற்றுக்கு ஆகும் செலவு பெரிதல்ல.

‘வயதானவரை உடற்பயிற்சி செய்யச் சொன்னால் அதிலேயே விழுந்துவிட மாட்டாரா? ஓய்வாக இருக்கட்டுமே’ என்று பலர் அன்போடு சொல்கிறார்கள். அந்த அன்பு முதியவரின் காலைத்தான் பலவீனமாக்குகிறது. நடக்காத கால் சதையை இழக்கும், சதையிழந்த கால் உடலைத் தாங்காது. 2019இல் காக்ரேன் அமைப்பு 108 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. சொந்த வீட்டில் வாழும் 23,000க்கும் மேற்பட்ட முதியவர்களில் உடற்பயிற்சி செய்தவர்கள் விழுவது 23 சதவீதம் குறைந்தது. பெரிய கருவிகள் தேவையில்லை. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருதல், சமையல் மேடையைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்துதல், சுவரோரம் ஒற்றைக் காலில் நிற்றல், அடிமேல் அடிவைத்து நடத்தல் ஆகியவை சமநிலைக்கும் தொடைச் சதைக்கும் போதுமானவை. முதலில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டின் வழிகாட்டுதல் இருந்தால் அச்சம் தேவையில்லை.

உணவைப் பற்றி நாம் பேசுவது இன்னும் குறைவு. தனியாக வாழும் அம்மாக்கள் காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசம் சாதம், இரவு பாலில்லாத ஒரு காபியும் பிஸ்கட்டும் என்று நாளை முடித்துக்கொள்வது அரிதல்ல. அந்தத் தட்டில் போதுமான புரதமும் இல்லை, கால்சியமும் இல்லை. கால்சியம் இல்லாத குடலில் வைட்டமின் டி எதை உறிஞ்சிக் கொடுக்கும்? ஆஸ்திரேலியாவில் 60 முதியோர் இல்லங்களில் 7,195 பேரிடம் நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. சராசரி வயது 86. அவர்களிடம் வைட்டமின் டி ஏற்கெனவே போதுமான அளவு இருந்தது. பாதி இல்லங்களில் பால், தயிர், பாலாடைக்கட்டி ஆகியவற்றை மட்டும் கூட்டிக் கொடுத்தார்கள். அன்றாடக் கால்சியம் 1,140 மில்லிகிராம் அளவுக்கு உயர்ந்தது, புரதமும் கூடியது. இரண்டாண்டில் மொத்த முறிவுகள் 33 சதவீதமும் இடுப்பெலும்பு முறிவு 46 சதவீதமும் குறைந்தன. மாத்திரை அல்ல, உணவு செய்த வேலை அது. நம் சமையலறைக்கு இது அந்நியமில்லை. பாலும் தயிரும், கேழ்வரகுக் கூழும் களியும், முருங்கைக்கீரையும், முள்ளோடு தின்னும் நெத்திலியும், எள்ளும் கால்சியம் நிறைந்தவை. முட்டையும் பருப்பும் சுண்டலும் புரதம் தருபவை. அம்மாவிடம் தொலைபேசியில் ‘மாத்திரை போட்டியா?’ என்று கேட்கும் அதே நேரத்தில் ‘இன்றைக்குத் தயிர் சாப்பிட்டாயா, முட்டை சாப்பிட்டாயா?’ என்றும் கேளுங்கள்.

எலும்பு ஏற்கெனவே தேய்ந்திருந்தால் உணவும் பயிற்சியும் மட்டும் போதாது. மாதவிடாய் நின்ற பின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பெண்களுக்கு எலும்புத் தேய்வு வேகமெடுக்கிறது. டெக்ஸா ஸ்கேன் அதை வலியில்லாமல் அளந்து சொல்லும். நின்ற நிலையிலிருந்து விழுந்து மணிக்கட்டோ முதுகெலும்போ இடுப்போ முறிந்திருந்தால் அதுவே பெரிய எச்சரிக்கை. நம் குடும்பங்களில் முறிந்த எலும்பை இணைத்துக் கட்டுவதோடு சிகிச்சை முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். அடுத்த முறிவைத் தடுக்கும் சிகிச்சை அங்கேதான் தொடங்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை செலுத்தும் சோலெட்ரானிக் அமிலம் என்ற மருந்து, தேய்வுள்ள பெண்களிடம் மூன்றாண்டில் இடுப்பெலும்பு முறிவை 41 சதவீதம் குறைத்ததை 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த ஆய்வில் மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும், இரு சாராருக்கும் வைட்டமின் டியும் கால்சியமும் கொடுக்கப்பட்டன. ஆகவே அந்த 41 சதவீதம் அவற்றுக்கு மேலே கிடைத்த பாதுகாப்பு. வைட்டமின் டி அங்கே அஸ்திவாரம். அஸ்திவாரம் இல்லாமல் வீடு நிற்காது. அஸ்திவாரம் மட்டும் போட்டுவிட்டு யாரும் குடியேறுவதுமில்லை. சிறுநீரகத்தையும் கால்சியம் அளவையும் பரிசோதித்த பிறகே தரவேண்டிய மருந்து இது. அதனால்தான் மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, ‘வைட்டமின் டி எழுதிக் கொடுப்பீர்களா?’ என்பதல்ல. ‘அம்மாவுக்கு அடுத்த முறிவு வராமல் இருக்க என்ன சிகிச்சை தரலாம்?’ என்று கேளுங்கள்.

மாத்திரை எளிது, அதனால்தான் அது நம் மனதைக் கவர்கிறது. கைப்பிடி பொருத்த ஆசாரியைக் கூப்பிட வேண்டும், கண்புரைக்கு நாள் குறிக்க வேண்டும், நாற்காலியிலிருந்து எழும் பயிற்சியைத் தினமும் நினைவூட்ட வேண்டும், சமையலைக் கவனிக்க வேண்டும். தூரத்தில் இருப்பவர்களுக்கு இது கடினம் என்பதை உணர்கிறேன். ஆனால் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரே ஒரு மாலைப் பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். அம்மா படுக்கும் கட்டிலிலிருந்து கழிப்பறை வரைக்கும் விளக்கை அணைத்துவிட்டு நீங்கள் ஒருமுறை நடந்து பாருங்கள். கால் எங்கே தடுக்கிறது, கை எதைத் தேடுகிறது என்று பார்த்து, ஊர் திரும்புவதற்குள் அதைச் சரிசெய்துவிடுங்கள். மாத்திரை டப்பாவை அதன் பிறகு திறக்கலாம்.

அன்புடன்,
உங்கள் நலம் நாடும் ஒருவர்